1947 பம்பாயில் ஒரு தமிழ்த் துப்பறிவாளர்: அவரிடம் என்ன வழக்கு வந்திருக்கும்?

செம்பூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஆறு மாதமாக ஒரு தொடர்கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். களம், போர் முடிந்த பம்பாய். காலம், 1945 முதல் 1950 வரை. நாயகர் தனியாகத் தொழில் நடத்தும் ஒரு தமிழ்த் துப்பறிவாளர். ராணுவத்தில் கணக்கு எழுதியவர், போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாட்டுங்காவில் நாலு பேராக ஒரு அறை. கோட்டைப் பகுதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. யாரையும் லேசில் நம்பமாட்டார், அளந்துதான் பேசுவார். கூலிக்கு வேலை செய்வார், ஆனால் கூலிக்காகப் பொய் எழுதித் தரமாட்டார்.

இந்த வகைக் கதை அமெரிக்காவில் 1920களில் மலிவுத்தாள் இதழ்களில் முளைத்தது. அங்கே மதுவிலக்கு நடந்த காலம் அது. போலீஸ்காரரும் கள்ளச்சாராயக்காரனும் கைகோத்துக்கொண்ட ஊரில், ஒருத்தன் தன் சொல்லை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறான். எனக்கு அந்த உயிர் வேண்டும். அவன் போட்டிருக்கும் கோட்டும் தொப்பியும் வேண்டாம்.

மூன்று வழக்கு எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். பம்பாய் என்று வருகிற இடத்தில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் கதை நடக்கிறது. துப்பாக்கி, விஸ்கி, இரவு மழை, ஒரு பிணம். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். அந்த ஐந்து வருடத்தில், இந்த ஊரில் மட்டுமே நடந்திருக்கக்கூடிய வழக்கு எது? சட்டம் தெரிந்தவர்கள், பழைய பம்பாய் தெரிந்தவர்கள், வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் எழுதுங்கள்.

சயான் வக்கீல்

முதலில் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. உரிமம் இல்லாமல் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தால் உங்கள் நாயகர்தான் முதல் குற்றவாளி. தனியார் துப்பறிவாளர் என்று ஒரு தொழிலை நம் சட்டம் அன்றும் அறியாது, இன்றும் அறியாது. 2007ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதனால் அவர் தெருவில் போகும் எவரையும் போல ஒரு ஆள். கைது செய்ய முடியாது, கதவைத் திறக்கச் சொல்ல முடியாது, யாரையும் வாக்குமூலத்துக்கு உட்கார வைக்க முடியாது. இது உங்கள் கதைக்கு நல்லது. மிரட்ட எதுவும் கையில் இல்லாதவர் கேட்கத்தான் வேண்டும், காத்திருக்கத்தான் வேண்டும்.

வேலை எங்கிருந்து வரும்? பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவில் அன்று சொலிசிட்டர் வேறு, வாதாடும் அட்வகேட் வேறு. கட்சிக்காரரோடு பேசி, சாட்சியைத் தேடி, காகிதங்களை அடுக்கித் தருவது சொலிசிட்டர் வேலை. ஒரு சாட்சி வீடு மாறிவிட்டார், கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அப்படிப்பட்ட ஓர் அலுவலகம் உங்கள் நாயகரைக் கூப்பிடும். மாதத்தில் பாதி நாள் அவருக்கு ஆள் தேடும் வேலைதான்.

இன்னொரு வேலை, குடும்ப வழக்கு. பம்பாய் மாகாணம் 1946லேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1947ல் இந்து விவாகரத்துச் சட்டமும் வந்தது. சென்னை மாகாணத்தில் இவை 1949ல்தான் வந்தன. நடுவில் இருக்கும் அந்த மூன்று வருடத்தை யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரு மனைவி, பம்பாயில் ஒரு மனைவி. ஒரே ஆள் ரயிலில் ஏறினால் ஒரு முனையில் குற்றவாளி, மறுமுனையில் இரண்டு பெண்டாட்டிக்காரர், அவ்வளவுதான். மாகாணத்துக்கு வெளியே நடந்த கல்யாணத்தையும், மணமக்களில் ஒருவர் பம்பாய் மாகாணத்தில் நிலைகொண்டவராக இருந்தால், பம்பாய்ச் சட்டம் விடவில்லை. அதனால் முழு வழக்கும் 'இவர் எந்த ஊர்க்காரர்' என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கும். அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். காகிதம் தேடித் தருவது உங்கள் ஆள்.

மாட்டுங்கா மாமி

வக்கீல் சார் சொல்வது சரி. ஆனால் அந்த வழக்கில் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். என் பாட்டி 1940களில் கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தவர். ஊரிலிருந்து ஒருத்தி திடீரென்று பெட்டியோடு வந்து இறங்கினால், அவள் கூச்சல் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரிகள் அவளைத் தங்கள் வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்களாம். அந்த வீட்டு மானத்துக்காக அல்ல, அவளுக்கு அழுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்காக. உங்கள் துப்பறிவாளர் வாசலில் நிற்கும் ஆண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே நடப்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

அறையைப் பற்றி ஒன்று. நாலு பிரம்மச்சாரிகள் ஒரு அறையில் என்றால் ஒருவருக்கு வரும் கடிதத்தை நாலு பேரும் படித்திருப்பார்கள். அங்கே ரகசியம் வைப்பதே ஒரு வித்தை. சாப்பாட்டுக்கு மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ராமா நாயக் உடுப்பி போர்டிங் 1942லிருந்து இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். ஆனால் சண்முகானந்தா சபையில் கச்சேரி கேட்க அனுப்பாதீர்கள். சபை 1952ல்தான் தொடங்கியது.

டோம்பிவிலி ரயில்

இதே மாதிரி சிலவற்றை நானும் சொல்லிவிடுகிறேன். கதையில் 'சென்ட்ரல் ரயில்வே' என்று எழுதாதீர்கள். 1951 நவம்பர் வரை அது கிரேட் இந்தியன் பெனின்சுலா, அதாவது ஜி.ஐ.பி. ரயில்வே. சென்னை வண்டி ராய்ச்சூர் வரை ஜி.ஐ.பி. தடத்தில் போகும், அதற்கு அப்பால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனி தடம். புறநகர் மின்சார ரயில் மட்டும் 1925லேயே வந்துவிட்டது, தாராளமாக ஏற்றுங்கள். டிராம் 1964 மார்ச் வரை ஓடியது. நயா பைசா 1957ல்தான். அதற்கு முன் பதினாறு அணா ஒரு ரூபாய். டிராமில் அவர் பின்தொடரும் ஆள் சில்லறை கொடுத்தால், அணாவில் எழுதுங்கள்.

தாராவி அண்ணாச்சி

தம்பி, பம்பாய்த் தமிழர் என்றாலே மாட்டுங்கா குமாஸ்தா என்று ஏன் தொடங்குகிறீர்கள்? எங்கள் ஆட்கள் அதற்கு முன்னமே இங்கே வந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் தாராவியில் தோல் பதனிடும் தொட்டிகளைப் போட்டார்கள். தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களில் ஆதிதிராவிட மக்கள் ஏராளம். அந்தப் பக்கம் குஜராத்தி குயவர்களின் கும்பார்வாடா, இந்தப் பக்கம் கோலி மீனவர்கள். 1947க்குப் பிறகு சயான் கோலிவாடாவில் ராணுவம் விட்டுப்போன பாரக்குகளில் பஞ்சாபி அகதிகள். ஒரு மைல் சுற்றளவில் இத்தனை பேச்சு.

நீங்கள் சொல்லும் ஆள் தாராவிக்குள் வந்து மாட்டுங்காத் தமிழில் கேள்வி கேட்டால், மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வார்த்தை தேறாது. அவர் எந்த ஊர் ஆள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திருநெல்வேலிச் சீமை என்றால், 'ஏ மக்கா, அவன் எங்கனக்குள்ள இருக்கான்' என்று கேட்கத் தெரிந்தவர் என்றால், கதவு திறக்கும். தெருவில் பம்பாய் இந்தி, போலீஸ் ஹவல்தாரிடம் மராத்தி, கோட்டையில் இங்கிலீஷ். நாலு பேச்சு பேசுகிறவர் நாலு இடத்தில் நாலு ஆளாக இருப்பார். அந்தத் தனிமையை எழுதினாலே போதும். அவர் மனம் ஏன் இறுகியது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

செம்பூர்க்காரன்

அண்ணாச்சி, இது பெரிய அடி, ஆனால் தேவையான அடி. அவரைக் கோவில்பட்டிப் பக்கத்து ஆளாக மாற்றிவிடுகிறேன். மாட்டுங்கா அறையில் அவர் ஒருவர்தான் அந்த வட்டாரத்துப் பேச்சு, மற்ற மூவரும் தஞ்சாவூர், பாலக்காடு. வீட்டுக்குள்ளும் அவர் வெளியூர்.

முல்லுண்ட் வாசகி

எனக்கு ஒரு வழக்கு தோன்றுகிறது. 1946 ஜனவரி 12ஆம் தேதி 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. வைத்திருப்பவர்கள் சில நாட்களுக்குள் வங்கியில் கொண்டுபோய், இது எப்படி வந்தது, ஏன் கையில் வைத்திருந்தேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். போர்க் கறுப்புச் சந்தையில் சம்பாதித்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தூக்குக் கயிறு. சுமார் 144 கோடி ரூபாய் நோட்டில் 1947 முடிவதற்குள் சுமார் 135 கோடி திரும்பி வந்தது. மிச்சம் வரவே இல்லை.

இப்போது ஒரு குமாஸ்தா. முதலாளி அவர் கையில் சில ஆயிர ரூபாய் நோட்டைக் கொடுத்து, 'உன் பெயரில் மாற்றிக்கொண்டு வா' என்கிறார். மாதச் சம்பளக்காரர் கையில் அவ்வளவு பெரிய நோட்டு எப்படி வந்தது? அவர் எழுதிய பொய்யில் அவர் கையெழுத்து. ஒரு வருடம் கழித்து யாரோ அந்தக் காகிதத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள். முதலாளி கைவிரித்துவிடுகிறார். குமாஸ்தாவின் மனைவி வந்து துப்பறிவாளரின் மேசைக்கு எதிரே உட்காருகிறாள். பிணமே தேவையில்லை.

சயான் வக்கீல்

நல்ல வழக்கு. இதோடு பக்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் கட்டிப்போட்டது. விலைவாசி எங்கோ போய்விட்டது, வாடகை மட்டும் அங்கேயே நிற்கிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? சாவி கொடுக்கும்போதே ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கேட்பார். அதுதான் பக்டி. வாங்குவது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது, அதனால் யாரும் ரசீது தரமாட்டார்கள். பெண்டாட்டி நகையை விற்றுக் கட்டிய பணத்துக்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என் தாத்தாவே அப்படி ஒரு கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, பணம் கட்டி, சாவி இன்னொருவர் கைக்குப் போனதை நின்று பார்த்தவர். வீட்டுக்காரர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். நீதிமன்றம் போகவும் வழியில்லை. கொடுத்தேன் என்றால், எதற்குக் கொடுத்தாய் என்பார்கள்.

இந்த ஊரில் போருக்குப் பிறகு ஆள் செத்தான் என்றால் பணத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். பத்துக்குப் பத்து கோலிக்காகவும் இருக்கலாம்.

வடாலா வாசகன்

துறைமுகத்தில் கூலியாக இருந்த ஹாஜி மஸ்தானைக் கொண்டுவரலாமே? 1940களில் அவர் அங்கேதானே இருந்தார்? விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜ முதலியாரும் இருக்கிறார்.

தாராவி அண்ணாச்சி

வேண்டாம். அவர்கள் இருவரும் தாதாவாகப் பெயர் எடுத்தது 60களிலும் 70களிலும். 1947ல் ஆயிரம் கூலிகளில் ஒரு கூலி. அவர்களைக் கொண்டுவந்தால் வாசகர் பின்னால் வரப்போவதையே பார்த்துக்கொண்டிருப்பார், முன்னால் நிற்கும் ஆளைப் பார்க்கமாட்டார். பம்பாய்த் தமிழன் என்றாலே தாதா என்று சினிமா காட்டியது போதும். ஆயிரக்கணக்கான பேர் உடம்பை விற்று ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒரு கதை வேண்டும்.

விஸ்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாகாணத்தில் முழு மதுவிலக்கு 1950 ஏப்ரல் 6ல் வந்தது. அப்போது உள்துறை மொரார்ஜி தேசாய் கையில். அதற்குப் பிறகு குடிக்க வேண்டுமானால் பெர்மிட், இல்லையென்றால் கள்ளச்சாராயம். வெல்லமும் நவசாரமும் போட்டுக் காய்ச்சினார்கள், எங்கள் பக்கத்துச் சதுப்பில் பீப்பாய் புதைத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் காய்ச்சியவன் யார், வாங்கிக் குடித்தவன் யார் என்று பாருங்கள். போலீஸ் பிடித்தது காய்ச்சியவனை. உங்கள் ஆள் 1950ல் குடிப்பவராக இருந்தால், அந்தச் சங்கிலியில் அவரும் ஒரு கண்ணி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் விருப்பம், அவர் குடிக்காதவர்.

கப்பல்கூலி பேரன்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். யாரும் துறைமுக வெடிவிபத்தைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. ஊரில் சித்திரை பிறந்த கையோடு. விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் பருத்திப் பொதி, அதே கப்பலில் தங்கக் கட்டிகள். மத்தியானம் புகை தெரிந்தது. மாலை நாலு மணி சுமாருக்கு முதல் வெடி, அரை மணிக்குள் இரண்டாவது. கரையில் இருந்த கிடங்குகள், அதை ஒட்டிய குடியிருப்புகள் எல்லாம் பற்றின. எரியும் பஞ்சு வானத்திலிருந்து விழுந்தது என்று என் தாத்தா சொல்வார். செத்தவர்கள் 800 என்றும் 1,300 என்றும் கணக்கு சொல்கிறார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற ஐநூறு பேர்தான் எனக்கு முக்கியம். அவர்கள் யார்?

தாத்தா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அன்றைக்குக் கூலிகளைத் துறைமுகம் நேராக வேலைக்கு வைக்கவில்லை. தோலிவாலா என்ற மேஸ்திரி காலையில் ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போவார். அவருக்குத் தலைக்கணக்குத்தான், பெயர்க்கணக்கு இல்லை. காய்ச்சல் என்றால் அறையில் இருக்கும் இன்னொருவன் உனக்குப் பதிலாகப் போவான். கப்பல் கூலிகளைப் பதிவு செய்து வேலை தரும் சட்டம் 1948ல்தான் வந்தது. அதற்கு முன் செத்தவனுக்கு ஏடு கிடையாது.

இன்னொன்று. போர்க்காலம் என்பதால் செய்தியை அமுக்கிவிட்டார்கள். ஜப்பான்காரன் கையில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இங்கிருந்த நிருபர்கள் செய்தி அனுப்ப அனுமதி கிடைத்தது மே மாதம் இரண்டாம் வாரத்தில். அதுவரை எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாத்தா உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்ததே அடுத்த மாதம் மணியார்டர் வந்தபோதுதான். பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம், 'பணம் வந்துது, ஆளு இருக்காருன்னு தெரிஞ்சுது' என்பார். ஆளும் பணமும் ஒன்று.

அதனால் எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. ஆள் இல்லாமல் பணம் மட்டும் வந்திருந்தால்?

செம்பூர்க்காரன்

பேரன், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. இதோ எழுதிப் பார்த்தது. உங்கள் குடும்பக் கதையை எடுக்கிறேன் என்று தோன்றினால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

1948 தொடக்கம். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண், அண்ணன் துணையோடு ரயிலேறி வந்து துப்பறிவாளரின் மேசைக்கு முன் நிற்கிறாள். கணவன் துறைமுகக் கூலி. மாதம் தவறாமல் மணியார்டர் வருகிறது. ஆனால் நாலு வருடமாக ஆள் ஊருக்கு வரவில்லை. கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறாள்.

அவர் தேடுகிறார். தபாலாபீசில் மணியார்டர் பாரம். அதில் இருக்கும் விலாசம் டோங்ரியில் ஒரு சால், வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள மாடிக் குடியிருப்பு. ரேஷன் அட்டை கணவன் பெயரில் இருக்கிறது, அரிசி வாங்கப்படுகிறது. கோலியின் வாடகை ரசீது அவன் பெயரில். காகிதத்தில் பார்த்தால் அவனைவிட உயிரோடு இருக்கிறவன் அந்த மாடியில் யாரும் இல்லை. கோலிக்குள் இருப்பவன் வேறு ஒருவன். அந்த வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தவன். அவனுக்குப் பதிலாகத்தான் அவள் புருஷன் போனான்.

மேஸ்திரியிடம் பெயர் இல்லை. பிணம் அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல்காரன் முதல் மாதம் ஊருக்கு எழுதத் துணியவில்லை. பணத்தை மட்டும் அனுப்பினான். இரண்டாவது மாதமும் அனுப்பினான். அப்புறம் நிறுத்த வழி தெரியவில்லை.

இனி துப்பறிவாளர் என்ன சொல்ல வேண்டும்? இங்கேதான் நிற்கிறேன்.

கப்பல்கூலி பேரன்

எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா இருந்திருந்தால் அவரும் சரி என்றிருப்பார்.

சயான் வக்கீல்

சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று சொல்கிறேன், கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அன்று நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு. ஆனால் இங்கே மாதாமாதம் அவன் பெயரில் பணம் வருகிறது. அதாவது மாதாமாதம் தகவல் வருகிறது. அந்த ஏழு வருடம் தொடங்கவே தொடங்காது. அந்தப் பணம் அவளைக் காப்பாற்றவும் செய்கிறது, சட்டத்தின் கண்ணில் அவளை எந்த நிலையிலும் நிற்கவிடாமலும் செய்கிறது.

கோலியைப் பற்றி: வாடகைதாரர் செத்தால் அவரோடு வசித்த குடும்பத்தாருக்கு உரிமை உண்டு, அறைத்தோழனுக்கு இல்லை. உண்மை வெளியே வந்த அன்றே வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டு இன்னொருவரிடம் பக்டி வாங்குவார். செத்தவன் பெயரில் ரேஷன் வாங்கியது தனிக் குற்றம். பம்பாய் நகரத்தில் சந்தேக மரணத்தை விசாரிக்க கொரோனர் என்று ஓர் அதிகாரி இருந்தார், 1999 வரை இருந்தது அந்தப் பதவி. அவரிடம் போகலாம் என்றால் உடம்பு வேண்டும். உடம்பு எரிந்து நாலு வருடம்.

தாராவி அண்ணாச்சி

சொல்லக் கூடாது. 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று சொல்லிக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பணம் வருகிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். உண்மை சொல்லி யார் வயிறு நிறையும்? அந்தக் காய்ச்சல்காரனும் மனுஷன்தான். இரண்டு குடும்பத்துக்கு ஒரு முதுகால் மூட்டை தூக்குகிறான்.

மாட்டுங்கா மாமி

அண்ணாச்சி, நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. 1948ல் ஒரு பெண்ணுக்குப் புருஷன் இல்லை என்றால் பொட்டு போகும், பூ போகும், கல்யாண வீட்டில் முன்வரிசை போகும். அது எனக்குத் தெரியாமல் பேசவில்லை, என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவளுக்குத் தெரிய வேண்டும். நாலு வருடமாக அவனுக்கு ஒரு திதி இல்லை. அவன் வருவான் என்று அவள் ஒவ்வொரு பங்குனியிலும் வீட்டை மெழுகியிருப்பாள். உங்கள் துப்பறிவாளர் கூலிக்காகப் பொய் சொல்லமாட்டார் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். இரக்கத்துக்காகச் சொல்வாரா? இரக்கத்தில் சொன்ன பொய்யையும் அவள்தானே சுமக்க வேண்டும்? அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை இரண்டு ஆண்கள் டோங்ரியில் உட்கார்ந்து முடிவு செய்வதா?

தாராவி அண்ணாச்சி

அம்மா, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

டோம்பிவிலி ரயில்

ஒரு சின்ன நடைமுறை விஷயம். அந்தக் காலத்து மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இருந்தது. தபால்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுப்பார். வாங்கியவரின் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட ஒப்புகை, அனுப்பியவருக்குத் திரும்பி வரும். அப்படியானால் காய்ச்சல்காரனின் பெட்டியில் நாற்பத்துச் சொச்சம் கைநாட்டு இருக்கும். அவள் விரல், மாதத்துக்கு ஒன்று.

முல்லுண்ட் வாசகி

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் துண்டில் எழுதியிருப்பதை அவளுக்கு யார் படித்துச் சொல்வார்கள்? அவள் கைநாட்டு என்றால் தபால்காரர்தான் வாசலில் நின்று படித்திருப்பார். கையெழுத்து மாறியது அவளுக்குத் தெரியாது. ஆனால் பேச்சு மாறினால் காதுக்குத் தெரியாதா? புருஷன் ஒரு மாதிரி எழுதச் சொல்லியிருப்பான். கன்று குடிக்கிறதா, கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது என்று கேட்டிருப்பான். பயந்துபோன ஒரு அந்நியன் அதையா எழுதுவான்? 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதியிருப்பான்.

அவளுக்கு முதல் மாதமே தெரியும் என்று நினைக்கிறேன். நாலு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம்கூட. சொன்னால் தாலியும் போகும், பணமும் போகும், பிள்ளைகள் இன்னும் சின்னது. இப்போது மூத்தவன் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டான். அதனால் வந்திருக்கிறாள். புருஷனைத் தேடி வரவில்லை. பணம் அனுப்புகிறவன் யார் என்று பார்க்க வந்திருக்கிறாள்.

மாட்டுங்கா மாமி

குழந்தை, இது சரி. இதுதான் சரி.

சயான் வக்கீல்

அப்படியானால் துப்பறிவாளர் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வழி காட்டினால் போதும். அண்ணனைக் கீழே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு அவளை மட்டும் மாடிக்கு அனுப்பலாம். அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, எந்த அதிகாரியிடமும் போகவில்லை.

தாராவி அண்ணாச்சி

வக்கீல் சொன்னபடி செய்யுங்கள் தம்பி. மாடிப்படியில் அவர் அவளுக்கு முன்னால் ஏற வேண்டாம். சாலில் எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். அவள் ஊர்ப் பெண் என்று தெரிந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அறைக்குள் நடப்பதை எழுதாதீர்கள்.

செம்பூர்க்காரன்

எழுதமாட்டேன் அண்ணாச்சி. துப்பறிவாளர் வராந்தாக் கோடியில் குழாயடியில் நிற்கிறார். உள்ளே ஒரு தகரப்பெட்டி திறக்கும் சத்தம் வரை அவருக்குக் கேட்கிறது. ஒப்புகைச் சீட்டுகள் அதில்தான் இருக்கின்றன. அதோடு அத்தியாயத்தை நிறுத்துகிறேன். முல்லுண்ட் வாசகியின் குமாஸ்தா வழக்கு இரண்டாவதாக வரும்.

பேரன், ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தாத்தா அந்தத் துண்டில் என்ன எழுதுவார்? ஞாபகம் இருக்கிறதா?

கப்பல்கூலி பேரன்

பாட்டி சில துண்டுகளை அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். ஒன்று என்னிடம் இருக்கிறது. 1944 மே மாதம் வந்தது அது. தபாலாபீஸ் முத்திரை மங்கிவிட்டது, எழுத்து இன்னும் தெரிகிறது. வெடிவிபத்து பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'செவலைக்குப் புண்ணாக்கு வாங்கவும். கிழக்குச் சுவர் மழைக்கு முன் பூசவும். நான் சித்திரைக் கொடைக்கு வர முடியவில்லை.' அவ்வளவுதான்.